பதினைந்து நிமிடம்

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஐம்பத்தொன்பது வயதில், முதன்முறையாக ஒரு றொக் கச்சேரிக்குப் போனேன். பேர்ண் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில், தண்டவாளப் பாலத்தை ஒட்டி, சுவரெல்லாம் கிறுக்கல்களோடு நிற்கிறதே றைட்சூல, அங்கே. 1985இல் இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் வேலைக்குப் போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. "அது கஞ்சாக்காரற்ற இடம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

மகள்தான் கூட்டிப் போனாள். "அப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி அரை மணித்தியாலத்தில வெளிக்கிடுங்கோ" என்றாள். வாசலில் இலவசமாகக் காதடைப்பான் தந்தார்கள். கூரைக்குக் கீழே பழைய மரவளைகள் தெரிகிற மண்டபம். மேடையில் நான்கு பேர். மூன்று பேர் சுவிஸ் பிள்ளைகள். பேஸ் கிற்றாரோடு நின்றவள் எங்கள் பிள்ளை. அவளுடைய தகப்பனும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள்.

முதல் சில பாட்டுகள் பேர்ண் ஜேர்மனில். எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவள் மைக்குக்கு முன்னால் வந்து ஒரு பாட்டைத் தமிழில் பாடினாள். சினிமாப் பாட்டல்ல. அவளே எழுதியது. அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கிறபோது வாய்க்கு வராமல் நின்றுவிடுகிற சொற்களைப் பற்றியது. தமிழ் ஒரு சொல்லும் விளங்காத இருநூறு பேர் அசையாமல் நின்று கேட்டார்கள். தமிழ் விளங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் இதே பிள்ளை எங்கள் சங்கத்தின் கலைவிழாவில் பதினைந்து நிமிடம் கேட்டிருந்தாள். நிர்வாகக் குழு கூடியது. "சத்தம் கூட", "எங்கட கலாசாரம் இல்லை" என்றார்கள். மறுக்க வேண்டும் என்று கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பாடகரை விமானச்சீட்டும் ஹோட்டலும் கொடுத்து வரவழைத்தோம். அவர் பதிவு செய்த ட்றக்கைப் போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் சினிமாப் பாட்டுப் பாடினார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். ஆகவே இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிரானது.

எங்கள் கலாசாரம் என்று எதைச் சொல்கிறோம்? கிற்றார் அந்நியமாம். 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரும் பைலாத் தாளமுமாகத் தமிழ்ப் பொப்பிசையை இலங்கை முழுவதும் கேட்க வைத்தபோது நாங்கள் என்ன வெள்ளைக்காரராகவா இருந்தோம்? "சின்ன மாமியே" என்ற பாட்டுத் தெரியாத ஈழத்தமிழர் வீடு உண்டா? கோயில் திருவிழாக்களில் விடியவிடிய வாசித்த இசைக்கோஷ்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சினிமாப் பாட்டுத்தான் வாசித்தார்கள். ஆனால் கையால் வாசித்தார்கள். எங்கள் ஊர்க்காரர் வாசித்தார்கள். இன்று எங்கள் மேடையில் வாத்தியமும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. மிஞ்சியிருப்பது கரோக்கி.

நாங்கள் குடியேறிய நாட்டிடமாவது கற்றோமா? பேர்ண் ஜேர்மனுக்கு ஒழுங்கான எழுத்துமுறை கிடையாது. பாடசாலையில் எழுதுவது வேறு, வீட்டில் பேசுவது வேறு. எங்கள் யாழ்ப்பாணத் தமிழின் நிலை போலத்தான். அந்தப் பேச்சில்தான் மானி மற்றர் பாடினார். இந்த நகரத்தின் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தவர். 1972இல் முப்பத்தாறு வயதில் விபத்தில் இறந்துபோனார். அவருடைய பாட்டுகளை என் மகள் பாலர் பள்ளியிலேயே பாடிக்கொண்டு வந்தாள். 1970களில் போலோ ஹோபரும் அவருடைய றும்பல்ஸ்ரில்ஸ் குழுவும் அதே பேச்சில் றொக் பாடினார்கள். 1984இல் சூரி வெஸ்ற் வந்தது. வீட்டுப் பேச்சு மேடைக்கு உதவாது என்று அவர்கள் நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளோ மேடையில் ஏறியதும் சென்னை உச்சரிப்புக்கு மாறுகிறார்கள். அம்மம்மாவின் தமிழ் பாட்டுக்கு ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

இடம் என்பது சும்மா கிடைப்பதல்ல. 1980 மே 30 அன்று சூரிச்சில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒப்பரா மாளிகைக்கு ஏறத்தாழ ஆறு கோடி பிராங் கொடுக்கத் தயாராக இருந்த நகரம் தங்களுக்கு ஒரு கூரையையும் தரவில்லை என்பது அவர்களின் கோபம். அந்தக் கொந்தளிப்பின் பின்தான் றோட்டே பாப்றிக் என்ற பழைய தொழிற்சாலை கலாசார மையமாகத் திறந்தது. பேர்ணில் றைட்சூலவை 1981இல் பிடித்தார்கள், அடுத்த வருடம் துரத்தப்பட்டார்கள், 1987இல் திரும்பப் பிடித்தார்கள். அதைப் பற்றி ஐந்து தடவை வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து தடவையும் நகர மக்கள் அதைக் காப்பாற்றினார்கள். வாக்களித்த எல்லோருக்கும் அந்த இசை பிடித்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பிடிக்காத இசைக்கும் இடம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

எங்களுக்கும் அது தெரியாததல்ல. இதே நகரத்தில், 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், எங்கள் கோயிலில் தமிழில் பூசை நடக்கிறது. கடவுளோடு தமிழில் பேசத் துணிந்த நாங்கள் பிள்ளைகளைத் தங்கள் தமிழில் பாட விட மாட்டோமாம்.

"பிள்ளையளுக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" என்று கேட்பீர்கள். பரதம், மிருதங்கம், வீணை எல்லாவற்றுக்கும் இரண்டு வேலை செய்து காசு கட்டிய பெற்றோரை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். அது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அரங்கேற்றத்தன்று சலங்கையைக் கழற்றிய எத்தனை பிள்ளைகள் திரும்பக் கட்டினார்கள்? சொன்னதைத் திருப்பிச் செய்யப் பழக்கினோம். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. குடியும் புகையும் என்று சொல்வீர்கள். எங்கள் கலியாண மண்டபங்களின் வாகனத் தரிப்பிடத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு நடப்பதை நான் எழுத வேண்டுமா?

சென்ற்காலனில் பிறந்த பிரியா ராகு 2021இல் தன் முதல் இசைத்தொகுப்பின் தலைப்பிலேயே "தமிழ்" என்ற சொல்லை வைத்தார். உலகம் கேட்டது. அதன் பிறகு நாங்களும் பெருமையோடு பகிர்ந்தோம். வெளியார் கைதட்டிய பிறகு கைதட்டுவது எங்களுக்கு நன்றாக வரும்.

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு சங்கமும் தன் கலைவிழாவில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கட்டும். ட்றக் கூடாது. சினிமாப் பாட்டுக் கூடாது. பாடுகிறவர்கள் தாங்களே ஆக்கியதாக இருக்க வேண்டும். மோசமாக இருந்தால் இருக்கட்டும். பத்து மோசமான பாட்டுக்குப் பிறகுதான் ஒரு நல்ல பாட்டு வரும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நான் முன்வைக்கப் போகிறேன்.

அன்று கச்சேரி முடிந்து அந்தப் பிள்ளை வியர்வையோடு கீழே இறங்கி வந்தாள். "அங்கிள், சத்தம் கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். "இல்லையம்மா" என்றேன். அன்று கை உயர்த்தியது நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். இனி எங்கள் மேடைக்கு வரும்படி நாங்கள்தான் அவளைக் கேட்க வேண்டும். அவள் சம்மதிப்பாளா என்பது வேறு விடயம்.