குழியன்று, குட்டை!

முதுகுன்றம் என்று தேவார மூவரும் பாடிய ஊரை விருத்தாசலம் ஆக்கியவர்கள் கல்லைப் பெயர்க்கவில்லை, மண்ணைப் பெயர்க்கவில்லை, பெயரைத்தான் பெயர்த்தார்கள். 'முது' என்பது 'விருத்தம்' ஆயிற்று; 'குன்றம்' 'அசலம்' ஆயிற்று. உன் ஊர்ப்பெயருக்குள் ஒரு குன்று நிற்பதை அறிவாயா என்று இன்று அவ்வூர் மாணவரைக் கேட்டால் விழிப்பவரே மிகுதி. பெயர் போயிற்று, பொருளும் உடன் மறைந்தது.

தோண்டிக் கைவிட்ட குழிகளுக்கும் இக்கேடே நேர்ந்துள்ளது. முதுகுன்றம் களிமண் வினைக்குப் பெயர்பெற்ற ஊர். (அவ்வினைக்கு வழங்கும் 'பீங்கான்' என்னும் சொல்லும் பாரசீகத்தினின்று வந்ததே, வெண்களிக்கலம் என்றால் நா சுளுக்கிக்கொள்ளாது.) மண்ணெடுத்த குழியாயினும் கல்லெடுத்த குழியாயினும், ஆள் அகன்றபின் நடப்பது ஒன்றே. முதல் மழையில் நீர் தேங்கும். விளிம்பில் சீமைக்கருவேல் முந்திக்கொள்ளும். அயலார் முந்துவது செடிகொடியிலும் உண்டு போலும்! பின்னர் நீரோரம் சம்பும் கோரையும் எழும். பறவையின் எச்சத்தில் வந்த ஆலும் அரசும் பாறைப் பிளவில் வேரிறக்கும். செங்குத்தான மண்சுவரில் மீன்கொத்தி வளை குடைந்து குஞ்சு பொரிக்கும்.

அரசுத் தாள்களிலோ அதன் பெயர் 'கைவிடப்பட்ட குவாரி'. கைவிடப்பட்டது எனின் உரியவர் இல்லை என்பது பொருள். உரியவர் இல்லாத இடத்தில் குப்பை கொட்டக் கேட்பார் யார்? வேலியும் இல்லை, கரைச்சரிவும் இல்லை. கோடைதோறும் நீந்தப் போன பிள்ளைகள் பிணமாகத் திரும்புகிறார்கள்.

மக்கள் வாயில் அதற்கு வேறு பெயருண்டு. சென்னைப் புறநகரில் கல்லுடைத்த பள்ளங்களைக் கல்குட்டை என்பர். குழு கூடிப் படைத்த சொல்லன்று அது. கண்டவர் வைத்த பெயர். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் அத்தகைய குட்டைகள் பல உள. 2017-ஆம் ஆண்டு ஏரிகள் வற்றியபோது, அவற்றின் நீரைச் செம்பரம்பாக்கத்தில் தூய்மை செய்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி இலிட்டர் வரை தலைநகருக்கு வழங்கினர். 2019-இலும் அவை கைகொடுத்தன.

ஆற்றிலிட்ட பொன்னைக் குளத்தில் எடுத்த சுந்தரர் கதை முதுகுன்றத்து மணிமுத்தாற்றுக்கு உரியது. இன்றைய தமிழனோ குட்டையில் குப்பையை இட்டுவிட்டு நீரைக் கடலில் எடுக்கிறான். மீஞ்சூரில் 2010 முதல், நெம்மேலியில் 2013 முதல்.

பெயரை மாற்றினால் நீர் தூயதாகிவிடுமா என்று நகைப்பார் உளர். ஆகாது. ஆயினும் குவாரி என்று எழுதுங்கால் உரிமம் எவருக்கு, எத்துணை வண்டிக் கல் என்னும் கணக்கே எழும். குட்டை என்று எழுதுங்கால் கரை எங்கே, காவல் யார் என்னும் வினா எழும்.

முதுகுன்றத்தைச் சூழ்ந்த ஊராட்சிகள் தத்தம் எல்லையிலுள்ள குழிகளை, ஊரார் வழங்கும் பெயராலேயே, நீர்நிலைகளாகப் பதிந்துகொள்ளல் வேண்டும். ஒரு பக்கம் படியிறக்கி, ஏனைப் பக்கங்களில் வேலியிடல் வேண்டும்; நீரை ஆய்ந்த பின்னரே குடிக்கக் கொள்ளல் வேண்டும். மீன்கொத்தி குடைந்த சுவரை மட்டும் சரிக்காது விடுக.