கடினமான கணக்கு நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்டில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் நடைபெற்றது. பள்ளி மாணவர்களுக்கான இப்போட்டியில் மொத்தம் ஆறு கணக்குகள்தாம். நாளொன்றுக்கு நாலரை மணி நேரம் வீதம் இரண்டு நாட்கள் தேர்வு. கணக்குக்கு 7 மதிப்பெண், மொத்தம் 42. ஆனால் அந்த ஆண்டு உலகம் அதிகம் பேசியது பதக்கம் வென்ற பிள்ளைகளைப் பற்றி அல்ல. கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஐந்து கணக்குகளைத் தீர்த்து, 35 மதிப்பெண்ணுடன் தங்கப் பதக்கத் தரத்தை எட்டியது. ஓபன்ஏஐ நிறுவனமும் தனது இயந்திரம் அதே 35ஐ எட்டியதாக அறிவித்தது.

இச்செய்தியைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. இயந்திரமே போட்டுவிடும் கணக்கை நம் பிள்ளை ஏன் மண்டையைக் குழப்பிக்கொண்டு போட வேண்டும்? இதற்குப் பதில் தேடும் முன், அந்தப் போட்டியின் நான்காவது கணக்கைப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டியதில்லை. காரணிகள் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீதியின்றி வகுக்கும் எண்களில், அந்த எண்ணை விட்டுவிட்டு, மிகப் பெரிய மூன்றைக் கூட்டுங்கள். வரும் விடைக்கும் அப்படியே செய்யுங்கள். இந்தத் தொடர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டுமானால், முதல் எண் எவையெவையாக இருக்க முடியும்? இதுதான் கேள்வி.

6ஐ எடுத்தால் 3, 2, 1. கூட்டினால் மறுபடியும் 6. 18ஐ எடுத்தால் 9, 6, 3. கூட்டினால் மறுபடியும் 18. இவை இரண்டும் அசையாமல் நிற்கின்றன. 12ஐ எடுத்தால் 6, 4, 3. கூட்டினால் 13. பதின்மூன்றை 1ஐத் தவிர வேறெதுவும் வகுக்காது. தொடர் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? 6, 18 இரண்டிலும் நாம் கூட்டியது அந்த எண்ணின் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் சரியாக முழு எண். 12இல் கூட்டியதோ பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. அவை சேர்ந்தால் முழுமையைத் தாண்டிவிடும். முழுத் தீர்வு இதைவிட நீளமானது என்றாலும், அதைத் திறக்கும் சாவி இந்தப் பின்னங்கள்தாம்.

மதரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதியவர்களுக்கு இந்த எண்கள் புதியவை அல்ல. பிள்ளைகள் இல்லாத ஒரு பெண் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர் ஒருவர் ஆகியோரை விட்டுச் சென்றால் கணவருக்குப் பாதி, தாய்க்கு மூன்றில் ஒன்று, சகோதரருக்கு ஆறில் ஒன்று. சொத்தை ஆறாக்கி 3, 2, 1 என்று பிரித்தால் மீதி இல்லை. பிள்ளைகள் இல்லாத ஓர் ஆண் மனைவி, தாய், உடன்பிறந்த சகோதரி ஒருவர் ஆகியோரை விட்டுச் சென்றால் மனைவிக்கு நான்கில் ஒன்று, தாய்க்கு மூன்றில் ஒன்று, சகோதரிக்குப் பாதி. பன்னிரண்டில் 3, 4, 6 என்று கொடுத்தால் 13 ஆகிவிடுகிறது. அதனால் சொத்தைப் பதின்மூன்று பங்காக்கி, எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துக் கொடுக்கிறோம். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். நாங்கள் ஓதிய காலத்தில் உஸ்தாத் இதை மனப்பாடம் செய்யச் சொன்னதோடு விடவில்லை. பங்கு ஏன் கூடியது என்று சொல்லச் சொன்னார்.

இதில் வியப்பில்லை. இயற்கணிதத்திற்குப் பெயர் கொடுத்த அல்-ஜப்ர் நூலை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதிய அல்-குவாரிஸ்மி, அதில் ஒரு பெரும் பகுதியை வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். குர்ஆன் முழுவதும் கைப்பேசியில் இருக்கிறது. அதற்காக ஹிஃப்ளு மதரஸாக்களை நாம் மூடிவிட்டோமா? ஓதுவது பிள்ளையின் நெஞ்சில் பதிய வேண்டும் என்பதற்காகத்தானே அனுப்புகிறோம்! கணக்கும் அப்படியே. ஒலிம்பியாடில் வெறும் விடைக்கு மதிப்பில்லை; ஏன் அதுவே விடை என்று நிறுவ வேண்டும். ஒரு கேள்வியோடு இரண்டு மணி நேரம் முட்டி மோதி, தன் தவறைத் தானே கண்டுபிடித்து, மீண்டும் தொடங்கும் பிள்ளைக்கு வருகிற பொறுமையை எந்த இயந்திரமும் கைமாற்றித் தர முடியாது. வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து இயந்திரத்திடம் விடை வாங்கும் பிள்ளை, மதிப்பெண்ணோடு அந்தப் பொறுமையை இழந்துகொண்டிருக்கிறது. நாளை கடன் பத்திரத்திலோ, வியாபாரக் கூட்டிலோ, பாகப்பிரிவினையிலோ ஒருவர் ஒரு தொகையைச் சொல்லும்போது, 'எப்படி வந்தது?' என்று கேட்கும் தைரியம் அதற்கு எங்கிருந்து வரும்?

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்போரும் உண்டு. ஈரானின் மர்யம் மிர்ஸாகானி 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்த ஒலிம்பியாடில் தங்கம் வென்றார். இரண்டாம் முறை 42க்கு 42. 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

நம் நாட்டில் இதற்கான முதல் படி ஐஓக்யூஎம் எனப்படும் தகுதித் தேர்வு. எட்டாம் வகுப்புப் பிள்ளையே எழுதலாம். 30 கேள்விகள், மூன்று மணி நேரம். நுண்கணிதம் தேவையில்லை, இயற்கணிதம், எண் கோட்பாடு, வடிவியல், எண்ணிக்கைக் கணக்குகள் போதும். அடுத்தடுத்த கட்டங்களைத் தாண்டும் ஆறு பேர் இந்தியாவுக்காகச் செல்கிறார்கள். 2024இல் நம் அணி நான்கு தங்கத்துடன் உலகில் நான்காம் இடம் பெற்றது.

எல்லோரும் அந்த ஆறு பேரில் ஒருவராக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசு கொடுக்கும் நம் ஜமாஅத்துகள், வாரம் ஒரு கணக்கை மக்தபின் கரும்பலகையில் எழுதிப் போடலாம். விடைக்கு அல்லாமல், விளக்கம் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாம். ஊரில் இருக்கும் கணித ஆசிரியரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

முதல் வாரத்திற்கான கணக்கு மேலேயே இருக்கிறது. இன்றிரவு 24 என்ற எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.