பருப்பில் செம்மண் சரி... அரிசியில் போரிக் பவுடர் சரியா?

மூட்டையாக அரிசி வாங்கும் வீடுகளில் மழைக்காலம் வந்தாலே வண்டும் வந்துவிடும். உடனே யாராவது ஒருவர் வைத்தியம் சொல்வார்: "கொஞ்சம் போரிக் பவுடர் கலந்து வைங்க, ஒண்ணும் ஆகாது."

கேரம் போர்டில் காய் வழுக்கிப் போகத் தூவுகிறோமே, அதே பவுடர்தான். துவரையில் செம்மண் கட்டுவது போல இதுவும் ஓர் இயற்கை முறை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே மண்ணுக்குள்ளிருந்து வருபவைதான். ஆனால், வண்டைக் கொல்லும் விதம் வேறு. அந்த வித்தியாசம்தான் நம் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

செம்மண் என்ன செய்கிறது?

பயறு வண்டு தன் முட்டையைப் பயறின் மேல்தோலில் ஒட்டிவைக்கும். அங்கிருந்து புழு உள்ளே துளைத்துப் போகும். செம்மண்ணை நீரில் குழைத்து, துவரையை அதில் புரட்டி, வெயிலில் காயவைத்தால் மேலே ஒரு மண் பூச்சு நிற்கும். வண்டின் வேலை அங்கேயே கெட்டுப்போகும். பிறகு தோல் நீக்கிப் பருப்பாக உடைக்கும்போது மண்ணும் தோலோடு போய்விடும்.

இதே வழியில்தான் வேளாண் துறையினரும் விதைப் பயறுக்குப் பரிந்துரை தருகிறார்கள்: நன்றாகக் காய்ந்த 100 கிலோ விதைக்கு 1 கிலோ பதப்படுத்திய கயோலின் களிமண்.

தூள் எப்படிக் கொல்கிறது?

பூச்சியின் உடம்பின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கும். உடம்பின் ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான். நுண்ணிய கனிமத் தூள் இந்த மெழுகை உறிஞ்சும், உரசிக் கிழிக்கும். ஈரம் வெளியேறி, வண்டு வறண்டு சாகும். டயட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான டயட்டம் மண்ணும் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தானியத்துக்கென்றே இது விற்கப்படுகிறது.

இங்கே விஷம் என்று எதுவும் இல்லை. அதனாலேயே இது மெதுவான முறை. சாக நாட்கள், சில நேரம் வாரங்கள்கூட ஆகும். அரிசிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை எதுவும் செய்யாது. தானியத்தில் ஈரம் இருந்தால் தூள் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு சும்மா இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய சிக்கல்.

போரிக் பவுடர் ஏன் வேறு?

இதை வண்டு தின்ன வேண்டும். வயிற்றுக்குள் போய் விஷமாகி அதைக் கொல்லும். நாமும் அதே அரிசியைத்தான் தின்கிறோம். அளவு கூடினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள் என ஐரோப்பிய ஒன்றியம் இதை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருட்களில் இது இல்லை.

'கழுவினால் போய்விடுமே' என்று சொல்லலாம். எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று எந்தச் சமையலறையிலும் அளந்து பார்ப்பதில்லை. ரவையையும் மாவையும் கழுவவும் முடியாது.

அப்போ டயட்டம் மண் வாங்கலாமா?

ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே ரகம் அல்ல. நீச்சல்குள வடிகட்டிக்கான ரகம் சூளையில் சுடப்பட்டது. அதிலுள்ள படிக சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். தானியத்துக்கான ரகமாக இருந்தாலும் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

பெரிய கிடங்குகளிலும் இதன் பயன் குறைவு. தூள் கலந்த தானியம் சரியாக வழிந்து ஓடாது, எந்திரங்களையும் தேய்க்கும். அதனால் அங்கே பாஸ்பீன் புகைமூட்டம்தான் வழக்கம். அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதன் வாயு ஆளையே கொல்லும்.

வீட்டுக்கு என்ன வழி?

கனிமத் தூளின் சரியான இடம் விதைப் பயறும், தோல் நீக்கி உண்ணும் துவரை போன்றவையும்தான். தினமும் சமைக்கும் அரிசிக்கு எந்தத் தூளும் தேவையில்லை. கொஞ்சமாக வாங்குங்கள். பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டாமல் டப்பாவைத் துடைத்துக் காயவையுங்கள். இறுக்கமான மூடி போடுங்கள். ரவை, மாவு பாக்கெட்டுகளை நான்கைந்து நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் சாகும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 'உணவில் கலக்கக் கூடாது' என்ற வரி போரிக் பவுடர் டப்பாவின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் கலந்த போரிக்கைப் புடைக்க எந்த முறமும் இல்லை.