ஆழிக்குமரன்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1943-இல் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் தொழிலால் வழக்கறிஞர். 1971-இல் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்திக் கடந்து, அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். ஆன நேரம் 51 மணி. இரண்டு இரவுகளைக் கடந்த நீச்சல் அது. ஆழம் குறைந்த அந்தக் கடலில் நீரோட்டம் அடிக்கடி திசை மாறும், சொறிமுட்டைகளும் மிகுதி. தோள்வலிமையைவிடத் தூக்கத்தை வெல்வதே அங்கே பெரும்பாடு. ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றது போன்ற கின்னஸ் சாதனைகளும் அவருக்கு உண்டு. அவை வேடிக்கையாகத் தோன்றலாம். பொறுமைதான் அவற்றுக்கும் முதல். ஆங்கிலக் கால்வாயின் குளிரோ வேறு வகைச் சோதனை. 1984 ஆகஸ்டில் அதைக் கடக்க முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது.