கூழைக்கடாவுக்கு மதிப்பெண் கிடையாதா?

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் நேற்று விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "தாத்தா, நான் எழுதுனது தப்பா?"

கேள்வி: தற்குறிப்பேற்ற அணியைச் சான்றுடன் விளக்குக. விளக்கம் சரியாக எழுதியிருந்தாள். சான்று இது: "எண்ணெய் அப்பிய கூழைக்கடா இறக்கையை விரித்து நமக்குக் கறுப்புக் கொடி காட்டுகிறது." அதன் மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு. ஓரத்தில், "புத்தகத்தில் இல்லை."

கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதுதான் அந்த அணி. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்தன. இளங்கோவடிகளுக்கு அது கோவலனையும் கண்ணகியையும் "வராதீர்கள்" என்று தடுப்பதாகத் தெரிந்தது. பறவை இறக்கையை உலர்த்த விரித்தது. இந்தப் பெண்ணுக்கு அது கறுப்புக் கொடி. என்ன வித்தியாசம்? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

எங்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று சொல்பவர்களைக் கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். "காசிமேடு கடலுக்குப் போகல" என்கிறான் ஒரு பையன். ஊர் கடலுக்குப் போகுமா? ஊர்ப்பெயர் ஊராருக்கு ஆகி வந்தது, இடவாகுபெயர். "பாம்பு மாதிரி கண்டெய்னர் லாரி" என்றால் உவமை. "லாரிப் பாம்பு" என்றால் உருவகம், லாரியே பாம்பாகிவிட்டது. பேச்சில் இருப்பதற்குத்தான் தொல்காப்பியரும் தண்டியும் பெயர் வைத்தார்கள். பெயரை மனப்பாடம் செய்யவைத்துப் பேச்சைக் கேலி செய்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. பல ஆண்டுகள் "முகமலர், மலர்முகம்" என்று அதே இரண்டு சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டே காலம் தள்ளியவன்தான்.

"விடைக்குறிப்பில் உள்ளதற்குத்தானே மதிப்பெண் போடமுடியும்" என்பீர்கள். விடைக்குறிப்பு திருத்துபவருக்குத் துணை. அவருடைய மூளைக்குப் பூட்டு அல்ல. பாடத்தில் உள்ள சான்றை ஒப்பிப்பவனுக்கு நினைவாற்றல் இருக்கிறது. புதுச் சான்று சொல்பவளுக்குத்தான் அணி புரிந்திருக்கிறது. தேர்வு எதைச் சோதிக்கிறது?

அவளிடம் சொன்னேன்: "தப்பில்ல கண்ணு. ஆனா பரீட்சைல புத்தகச் சான்றையும் எழுதிடு."

அப்படிச் சொல்லவேண்டி வந்ததே, அதுதான் வெட்கம். பணியில் இருக்கும் தமிழாசிரியர்களே, அடுத்த விடைத்தாளில் இப்படி ஒரு கூழைக்கடா வந்தால் கோடு போடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.