கிளிகளை வளர்க்கவா மக்தப்?

பையன் குர்ஆன் முடித்துவிட்டான். தெருவெல்லாம் நார்சா, உஸ்தாதுக்கு ஒரு சட்டைத் துணி, உறவினர்களுக்குப் பிரியாணி. அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் பையனை அழைத்து, 'அல்ஹம்துலில்லாஹ்' என்றால் என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் விழிப்பான். ஃபர்ளு தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத். 17 முறை அதைச் சொல்கிறான்!

ஓதுவதில் நன்மை இல்லை என்று நாம் கூறவில்லை. (உடனே ஃபத்வாவைத் தூக்கிக் கொண்டு வந்துவிட வேண்டாம்!) நாம் விளங்குவதற்காகவே அரபியில் அருளியதாக இறைவன் கூறுகிறானே (12:2), அதற்கு என்ன பதில்? எழுத்துக் கூட்ட மட்டும் சொல்லித் தந்து, பொருளைத் தொடாமலே பிள்ளையை அனுப்பிவிடுபவர் மொழி ஆசிரியரா?

இது மலையைப் புரட்டும் வேலையுமல்ல. ரஹ்மான், ரஹீம், கடைப் பலகையில் உள்ள ரஹ்மத், கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும் மர்ஹூம், எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கல்லாவில் உட்கார்ந்து 'பாக்கி, பாக்கி' என்கிறோமே, அதுவும் அரபுச் சொல்தான். வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் 46வது வசனத்தில் 'பாகியாத்' என்று வருகிறது. நிலைத்திருப்பவை என்று பொருள். வேலூர் பாகியாத் மதரஸாவின் பெயரும் இதுவே. வியாபாரி மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதாதா?

உஸ்தாதை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கி.பி. 624இல் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்த சிலருக்கு நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்த மீட்புத் தொகை என்ன? மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பது! எதிரியாய் வந்தவனின் விடுதலைக்கு ஈடாக மதிக்கப்பட்ட வேலை அது.

நாம் வைத்திருக்கும் மதிப்பு? மினாராவுக்கு டைல்ஸ் பதிக்க லட்சக்கணக்கில் வசூல். உஸ்தாத் சம்பளம் கூட்டிக் கேட்டால், "துஆ செய்யுங்க ஹஸ்ரத், பார்க்கலாம்!" தம் கடையில் சரக்குக் கட்டும் பையனுக்கு இந்தச் சம்பளம் கொடுத்தால் மறுநாள் வருவானா என்பது முத்தவல்லிக்குத் தெரியாதா? வீடு வீடாகக் கத்தம் ஓதி வயிறு வளர்க்க வேண்டியவர் எப்போது பாடம் தயாரிப்பார்?

இளைஞர்களே! வருகிற பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது எழுந்து நில்லுங்கள். டைல்ஸ் செலவு எவ்வளவு, உஸ்தாத் சம்பளம் எவ்வளவு என்று இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.