வீட்டுக்கு ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர்

பதுளை மாவட்டத்தின் தோட்டங்களில் தனிவீடுகள் மெல்ல மெல்லப் பெருகி வருகின்றன. ஏழு பேர்ச் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி நிலம். அதில் 550 சதுர அடியில் ஒரு வீடு. இந்திய உதவியிலும் அரசின் திட்டங்களிலும் எழுந்த இந்த வீடுகளில் குடியேறியவர்கள் முன்வாசலில் பூச்செடி நட்டிருக்கிறார்கள்; பின்பக்கம் போஞ்சிக்குக் கம்பு ஊன்றியிருக்கிறார்கள். லயன் காம்பிராவில் பிறந்து வளர்ந்த ஒரு தாய்க்குத் தன் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுச் சுவராக இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு வந்து சேர எடுத்த காலமும் நமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, எஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. பிறந்த மண்ணிலேயே அந்நியராக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டுக்காரர்களாகிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் என்ன எழுதுவது? பெயர், டிவிசன், தோட்டம், தபாலகம். பெரும்பாலான வீடுகளுக்கு அவ்வளவுதான். இலக்கம் கிடையாது. பாதைக்குப் பெயர் கிடையாது. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் யாருக்கென்று கொண்டுவருபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்துக்கு வரும் தபால் பல இடங்களில் இன்னமும் தோட்டக் காரியாலயத்துக்கே போகிறது. அங்கிருந்து ஆள்வழியாகவோ, கடைவழியாகவோ, வேலை முடிந்து திரும்புபவர் கையிலோ லயத்துக்கு வருகிறது. இதில் யாருக்கும் கெட்ட நோக்கம் இல்லை; நூற்றாண்டுப் பழக்கம். ஆயினும் நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். பல்கலைக்கழக அனுமதி, நீதிமன்ற அழைப்பாணை, வங்கியின் அறிவித்தல் எல்லாம் இதே வழியில்தான் வருகின்றன. பிள்ளையை நகரப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்க வசிப்பிடத்தை ஆவணங்களால் காட்ட வேண்டும். காணி உறுதியும் இல்லாமல், முகவரியும் தெளிவில்லாமல் அந்தப் பெற்றோர் எதைக் காட்டுவார்கள்?

உயிர் சம்பந்தப்பட்ட பக்கமும் உண்டு. 1990 சுவசெரிய அம்புலன்ஸை நள்ளிரவில் அழைப்பவர் தன் வீட்டை எப்படிச் சொல்வார்? கோயிலுக்கு மேலே, பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் என்றால் தோட்டத்தவருக்குப் புரியும். வெளியூர்ச் சாரதிக்குப் புரியாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. எந்தக் காம்பிராவில் யார் இருந்தார்கள், யார் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள், யார் கொழும்பில் இருந்தார்கள் என்று உடனே சொல்ல முடியவில்லை. உயிர் பிழைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளின் பின் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கிடைத்தன. 2023 மார்ச்சில் பூனாகலையிலேயே மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தை மீண்டும் உலுக்கியது. ஆபத்தான சரிவில் எத்தனை வீடுகள், அவற்றில் யார் யார் என்ற பட்டியல் இலக்கமில்லாத வீடுகளை வைத்துத் தயாராகாது.

இதை யார் செய்வது என்ற கேள்வியில்தான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகளுக்குக் காணி சொந்தமில்லை. அரசிடமிருந்து பெற்ற நீண்டகாலக் குத்தகை. லயத்தின் கதவில் ஓர் இலக்கம் விழுந்தால் நாளை அதுவே உரிமைக் கோரிக்கையாகுமோ என்று அவர்கள் தயங்குகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யாத குடும்பங்களும் லயத்தில் வசிக்கும் நிலையில், அந்தத் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரதேச சபைகளுக்கு வேறு சங்கடம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இயலாதென்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே அவர்களின் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாதிருந்தது. 2018இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் தடை நீங்கியதால் பணம் வந்துவிடாது. பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை போன்ற சபைகளின் வருமானம் சிறியது. தோட்டப் பாதைகளின் நீளமோ பெரியது.

மக்களின் ஐயமும் கேட்கப்பட வேண்டியதே. “முதலில் உறுதியைத் தாருங்கள், இலக்கத்தைப் பிறகு பார்ப்போம்” என்கிறார்கள் பலர். இலக்கத்தைக் கொடுத்துவிட்டு உறுதியை மறந்துவிடுவார்கள் என்பது அவர்களின் பயம். இதுவரை பெற்ற வாக்குறுதிகளின் நீண்ட பட்டியலை நினைத்தால் அந்தப் பயம் இயல்பானது. காணி உரிமைக் கோரிக்கை முழுமையாக நியாயமானது. அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் உறுதி வரும்வரை இலக்கம் காத்திருக்க வேண்டுமா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த நாடுகள் உண்டு. பிரான்சின் சிறு கிராமங்கள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இடத்தின் பெயர் மட்டுமே முகவரியாக இருந்தது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும், அது போதுமென்று இருந்தார்கள். 2022 பெப்ரவரியில் வந்த ஒரு சட்டம் 2,000 பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களும் பாதைகளுக்குப் பெயரிட்டு வீடுகளுக்கு இலக்கமிட வேண்டுமென்று சொன்னது. அவசர சேவைகள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று. தொர்தோஞ் போன்ற பகுதிகளில் பழைய வீடுகளை வாங்கிக் குடியேறிய பிரித்தானியர் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதால் 2020 உள்ளூராட்சித் தேர்தலில் அவர்கள் அங்கே வாக்குரிமையையே இழந்தார்கள். ஆயினும் வீட்டு இலக்கம் குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை. வெளிநாட்டவர் வீட்டுக்கும் உண்டு, வாடகை வீட்டுக்கும் உண்டு. நம் தோட்டங்களில் வாழ்பவர்கள் இந்நாட்டின் பிரஜைகள், வாக்காளர்கள்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. தனிவீடானாலும் லயன் காம்பிராவானாலும் ஒவ்வொன்றுக்கும் பிரதேச சபை ஓர் இலக்கம் வழங்கட்டும். அது வசிப்பிடத்துக்கான சான்று மட்டுமே. காணி உரிமையைக் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். நிர்வாகத்தின் அச்சத்துக்கும் மக்களின் ஐயத்துக்கும் அந்த ஒரு வரி பதிலாகும்.

வேலையைப் பகிர்ந்துகொண்டால் செலவும் அதிகமாகாது. டிவிசன் வரைபடமும் லயன் விபரமும் நிர்வாகத்திடம் இருக்கின்றன. அவற்றைச் சபைக்குக் கொடுப்பது பெரிய தியாகமில்லை. எந்தக் காம்பிராவில் எத்தனை குடும்பம் என்பது தோட்டக் கமிட்டித் தலைவருக்குத் தெரியும். வாக்காளர் இடாப்பைத் திருத்துவதற்குக் கிராம உத்தியோகத்தர் எப்படியும் விபரம் திரட்டுகிறார். அதே வேளையில் இலக்கங்களையும் சரிபார்க்கலாம். தொழிற்சங்கங்கள் பல நிறங்களில் பிரிந்திருந்தாலும், பாதைப் பெயரைத் தலைவர்களின் பெயராக்கும் போட்டியை மட்டும் இதில் தவிர்த்தால் நல்லது. ஊரார் ஏற்கெனவே சொல்லிவரும் பெயர்களே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில் ஏறட்டும். தபால் திணைக்களம் வீடுவரை கொண்டுபோக இப்போதைக்கு ஆளில்லை என்றால், டிவிசனுக்கு ஓரிடத்தில் இலக்கமிட்ட பூட்டுப் பெட்டிகளை வைத்துத் தொடங்கலாம்.

வீட்டுக்காரர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. சபை குப்பை எடுக்க வேண்டும், பாதை போட வேண்டும், விளக்கு வைக்க வேண்டுமென்று கேட்கும்போது, சேவை தொடங்கிய பின் வசதிக்கேற்ற சிறு வரியைக் கட்டவும் நாம் தயாராக இருக்க வேண்டும். வரிச் சீட்டும் முகவரிக்கு வரும் கடிதம்தான். வங்கியிலும் பாடசாலையிலும் காட்டக்கூடிய ஆவணம். கொழும்பில் வேலை செய்து தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள், தங்கள் லயத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க அரை நாள் ஒதுக்கலாம். கைத்தொலைபேசியில் எல்லவின் ஒவ்வொரு விடுதியும் தெரிகிறது. அதற்குப் பக்கத்துத் தோட்டத்து லயம் தெரிவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் திறமை நம் இளைஞர்களிடம் தாராளமாக இருக்கிறது.

2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த சபைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. மாவட்டம் முழுவதையும் ஒரேயடியாகத் தொட வேண்டியதில்லை. தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு சபையும் ஒரு டிவிசனைத் தெரிந்தெடுக்கட்டும். மண்சரிவு அபாயம் உள்ளதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்திருக்கும் டிவிசனாக அது இருந்தால் மிக நல்லது. அடுத்த பருவமழைக்கு முன் அங்கே இலக்கமிட்டு முடித்து, அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும், இன்னொன்றைத் தபாலகத்திலும், மற்றொன்றைத் தோட்டக் காரியாலயத்திலும் வைக்கட்டும்.